எதிர்ப் பக்கம்

வீட்டுக்கு வீடு ஒரு தகரப் பெட்டி உண்டு. பரணிலோ, கட்டிலுக்கு அடியிலோ அது கிடக்கும். திறந்து பார்த்தால் கல்யாணப் பத்திரிகைகள், பழைய ரயில் டிக்கெட்டுகள், மணியார்டர் துண்டுகள், யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்கள், ஒரு முழம் ஜரிகைக் கரை, எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத ஒரு சாவி ஆகிய இவ்வளவும் இருக்கும். "இவற்றையெல்லாம் ஒரு நாள் ஒழுங்குபடுத்த வேண்டும்" என்று வீட்டார் வருஷத்துக்கு ஒரு முறை சொல்லிக் கொள்வார்கள். அந்த நாள் வருவதற்குள் செல்லும் இராமபாணப் பூச்சியும் முந்திக்கொண்டு வந்து, தமக்குத் தெரிந்த முறையில் ஒழுங்குபடுத்திவிட்டுப் போய்விடும்.

இக்காலத்து இளைஞர்களிடையே ஒரு நல்ல பொழுதுபோக்குப் பரவி வருகிறது. அதைச் 'சித்திர நாட்குறிப்பு' என்று நாம் சொல்லலாம். கெட்டித் தாள் வைத்துத் தைத்த நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொள்கிறார்கள். அதை விரித்தால் எதிரெதிராகத் தோன்றும் இரண்டு பக்கங்களையும் ஒரே களமாகக் கருதி, அதன்மேல் காகிதத் துண்டு, துணி, நூல், உலர்ந்த இலை முதலியவற்றை ஒட்டுகிறார்கள், வர்ணம் தீட்டுகிறார்கள், நடுவே நாலு வரி எழுதுகிறார்கள். ஒரு நாளையோ, ஒரு பிரயாணத்தையோ, ஒரு மனிதரையோ பற்றிய ஞாபகம் அந்த இரண்டு பக்கங்களில் உருவெடுத்து விடுகிறது. வெறும் எழுத்தும் அல்ல, வெறும் படமும் அல்ல. இரண்டும் கலந்து, கையால் தடவிப் பார்க்கக்கூடிய ஒரு வஸ்து.

இது கடல் கடந்து வந்த புதுமை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். பல பொருள்களைச் சேர்த்துப் படம் செய்யும் வித்தை நம் திருச்சிராப்பள்ளிக்குப் பழையது. கும்பெனியாரின் படைகள் இங்கே தங்கியிருந்த காலத்தில், அப்பிரகம் என்னும் மைக்காத் தகடுகளின்மேல் சித்திரம் எழுதுவது இவ்வூரில் ஒரு தொழிலாக நடந்து வந்தது. அப்பிரகம் ஏடு ஏடாகப் பிரியும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். மெல்லிய ஏடானதால் லேசாகவும் இருக்கும். அதில் உள்ளங்கையளவு தகடுகளை எடுத்து, தயிர்க்காரி, பல்லக்குத் தூக்கி, சிப்பாய், பூசாரி, நாட்டியப் பெண் என்று பலரையும் எழுதி, டஜன் கணக்கில் சேர்த்து விற்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார் வாங்கித் தங்கள் ஆல்பங்களில் வைத்து சீமைக்கு அனுப்புவார்கள். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சி சாலையில் திருச்சிராப்பள்ளி அப்பிரகப் படங்கள் இன்னும் இருக்கின்றன.

இவ்வகைப் படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டையில் ஒரே ஒரு முகம் எழுதியிருக்கும். கூடவே உடையும் அணியும் மட்டும் எழுதி, முகத்துக்கு இடம் விட்ட அப்பிரகத் தகடுகள் பல இருக்கும். தகட்டை அட்டையின்மேல் வைத்தால் அந்த முகமே வண்ணான் ஆகும். தகட்டை மாற்றினால் அதுவே தாசில்தார் ஆகும். முகம் யாருடையது என்பதைப் பற்றி வாங்குகிறவருக்குக் கவலை இல்லை.

1858ல் லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் புகைப்படம் பிடித்தார். அதற்குப் பின் வந்த வருஷங்களில் புகைப்படம் மலியவே, அப்பிரகச் சித்திரக்காரர்களின் கை மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஆனாலும் ஒட்டும் வித்தை ஓயவில்லை. ரவிவர்மா 1894ல் பம்பாயில் ஆரம்பித்த அச்சுக்கூடத்திலிருந்து வந்த லக்ஷ்மிக்கும் சரஸ்வதிக்கும் நம் பெண்மணிகள் நிஜத் துணியால் புடவை கட்டி, ஜரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்தார்கள். பின்னர் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்தபோது, மணியம் அவர்களின் சித்திரங்களோடு வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்யாத குடும்பம் எது? அந்தப் பைண்டுகளின் ஓரத்தில் கோமணத் துண்டுபோல் தொங்கும் விளம்பரங்களும், பால் கணக்கும், குழந்தையின் கிறுக்கலும் சேர்ந்து அவையும் ஒருவகைச் சித்திர நாட்குறிப்பாகவே ஆகிவிட்டன.

இனி நம்முடைய சொந்த விஷயத்துக்கு வருவோம்.

பாலக்கரையில், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சந்தில் நமது தாய்வழிப் பாட்டனார் வீடு இருக்கிறது. தாயார் பிறந்ததும் அங்கே, வாழ்ந்ததும் அங்கே. அவர் காலமான பிறகு நமது தங்கை அதில் குடியிருக்கிறாள். சென்ற கோடை விடுமுறையில் தங்கையின் பேத்தி, கலாசாலை மாணவி, அங்கே வந்திருந்தாள். சித்திர நாட்குறிப்புப் பைத்தியம் அவளுக்கு முற்றியிருந்தது. பரணிலிருந்து தாயாரின் தகரப் பெட்டியை அவள்தான் இறக்கினாள்.

பெட்டியில் நமது மாமாவின் கடிதங்கள் இருந்தன.

மாமா தாயாருக்கு மூத்தவர். 1935ல், பத்தொன்பது வயதில், கப்பலேறி ரங்கூனுக்குப் போய் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அந்தக் காலத்தில் இது அதிசயம் அல்ல. 1931ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி ரங்கூன் நகரத்தாரில் பாதிக்குமேல் இந்தியர்கள். மாமா மாதம் தவறாமல் மணியார்டர் அனுப்பினார், கடிதமும் எழுதினார். கடைசிக் கடிதத்தின் தேதி 1941 நவம்பர். டிசம்பர் 23ந் தேதி ரங்கூனின்மேல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சு 8ந் தேதி நகரம் விழுந்தது. நாலைந்து லக்ஷம் இந்தியர்கள் கால்நடையாக மலையும் காடும் தாண்டித் தாய்நாட்டை நோக்கி நடந்தார்கள். அந்த ஆபத்திலும் வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று பேதம் பார்க்கப்பட்டதாக இங்கே தேசமெங்கும் ஆத்திரம் மூண்டது. பசியாலும் காலராவாலும் வழியிலேயே மடிந்தவர்களை ஆயிரம் ஆயிரமாக எண்ண வேண்டும். மாமா வந்து சேரவில்லை. அவர் அந்த வழியில் நடந்தாரா, குண்டு விழுந்த அன்றே போனாரா என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. 1964ல் பர்மாவிலிருந்து மறுபடியும் நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிய சமயம், தாயார் அவர்களில் தெரிந்தவர்களைத் தேடித் தேடி விசாரித்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அண்ணாவின் பேச்சு வந்ததில்லை. நாமும் கேட்டதில்லை.

"தாத்தா, இவரைப் பற்றி எதிரெதிராக இரண்டு பக்கம் செய்யப் போகிறேன்" என்றாள் பேத்தி.

முதல் மூன்று நாள் அவளைக் கத்திரிக்கோலைத் தொடவிடவில்லை. வாசிப்பதும் வகை பிரிப்பதும்தான் வேலை. ஒவ்வொரு கடிதத்தையும் படித்து, தேதியை ஒரு சிறு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வைத்தோம். பென்சில் எதற்கென்றால், மை ஊறும், பென்சில் ஊறாது. பிறகு கடிதங்களுக்கு நகல் எடுத்துக் கொண்டோம். ஒட்டுவதற்கு நகல், காப்பாற்றுவதற்கு மூலம். இந்த ஒரு விதியை வைத்துக் கொண்டால் பின்னால் வருந்த வேண்டியிராது.

பசை விஷயத்திலும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பைண்டு செய்கிறவர்கள் மைதாக் கஞ்சியில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி அண்டாது என்பது வாஸ்தவம். ஆனால் மயில்துத்தம் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. அதிலுள்ள தாமிரம் நாளடைவில் காகிதத்தையே அரிக்கவும் செய்யும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஒட்டு நாடாவோ சில வருஷங்களில் மஞ்சளாகி, அதன் பிசின் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு எவராலும் எடுக்க முடியாது. ஆகையால் பழைய உறைகளின்மேல் பசையே படாதபடி, காகிதத்தை முக்கோணமாக மடித்து நான்கு மூலைகளிலும் கொக்கி செய்து, உறையை அவற்றுள் செருகினோம். வேண்டும்போது எடுக்கலாம், வைக்கலாம். உள்ளே வசம்புத் துண்டு போட்டுப் பெட்டியை மூடி வைக்கும் பாட்டிமார் வழக்கத்தையும் நாம் விடவில்லை.

இடது பக்கம் சுலபமாக அமைந்தது. மூன்று உறைகளைப் படிப்படியாக வைத்தாள். முதல் உறையில் சாதாரண இந்தியத் தபால் தலை. இரண்டாவதில் ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் படமுள்ள அதே இந்தியத் தலை. ஆனால் அதன்மேல் 'பர்மா' என்ற எழுத்துக்கள் குத்தப்பட்டிருந்தன. மூன்றாவதில் ஆறாம் ஜார்ஜ் அரசரின் உருவத்துடன் பர்மாவுக்கென்றே அச்சிட்ட தனித் தலை. 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மாவை இந்தியாவினின்றும் பிரித்தார்கள் என்று சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரியில் படிக்கிறோம். நம் மாமா ஒரே ஆலையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவருக்கும் தங்கைக்கும் நடுவே ஓர் எல்லை முளைத்ததை அந்த மூன்று தலைகளும் ஓசையில்லாமல் காட்டின. அவற்றின் கீழே இரண்டு மணியார்டர் துண்டுகள். ஒன்றில், "குழந்தைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கவும்" என்று எழுதியிருந்தது. குழந்தை என்றது நமது தாயாரை.

கடைசிக் கடிதத்தின் நகலை மடித்து ஒரு சிறு பையில் வைத்தாள். அரிசி விலையைப் பற்றியும், ரங்கூன் மழையைப் பற்றியும் எழுதிவிட்டு, லீவு கிடைத்தால் தைக்கு வருவதாக மாமா அதில் முடித்திருந்தார்.

வலது பக்கத்தில்தான் சச்சரவு மூண்டது.

பேத்தியின் யோசனை இது: பர்மா தேசப் படத்தை வரைந்து, ரங்கூனிலிருந்து சிந்துவின் நதியைக் கடந்து, டாமு வழியாக இம்பால் வரையில் சிவப்பு மையால் ஒரு பாதை போட வேண்டும். தாளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துப் பழுப்பாக்கி, ஓரங்களை மெழுகுவர்த்தியில் கருக்க வேண்டும். மாமாவின் புகைப்படம் கிடையாது. ஆனால் நம் குடும்பத்தாருடைய படங்களைக் கொடுத்துக் கேட்டால் இன்றைய யந்திரம் பொருத்தமான ஒரு முகத்தை நொடியில் வரைந்து தந்துவிடும். அதையும் ஒட்ட வேண்டும்.

"படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவர் அந்த வழியில் வந்தார் என்று யாரடி கண்டது?" என்றாள் தங்கை.

"எல்லோரும் அப்படித்தானே பாட்டி வந்தார்கள்?"

"எல்லோரும் வந்தார்கள். இவர் வரவில்லையே."

பேத்தி பதில் சொல்லாமல் நம்மைப் பார்த்தாள். நமக்கு அப்பிரகப் படங்களின் ஞாபகம் வந்தது. யாருடையதோ ஒரு முகம். அதன்மேல் எந்த உடுப்பை வைத்தாலும் பொருந்தும். துரைமாருக்கு அது போதும். அவர்கள் வாங்கியது ஊரின் வேடிக்கையை. நமக்கு வேண்டியது ஒரு மனிதர். அவருடைய முகம் நம்மிடம் இல்லை என்பதும் அவரைப் பற்றி நாம் அறிந்த செய்திகளில் ஒன்று. அதை மறைத்து இன்னொரு முகத்தை வைத்துவிட்டால், இருபது வருஷத்துக்குப் பின் இந்தப் புத்தகத்தைத் திறக்கும் குழந்தை, "இதுதான் கொள்ளுப் பாட்டியின் அண்ணா" என்று நம்பும். இடது பக்கத்தின் மூன்று தலைகள் சொன்ன உண்மைக்கும் அப்புறம் மதிப்பு இராது. தேயிலைச் சாயமும் அப்படியே. நேற்று வாங்கிய தாளுக்கு எதற்காக எண்பது வயது கொடுக்க வேண்டும்? பக்கத்திலேயே உண்மையான எண்பது வயதுத் தாள் இருக்கிறதே!

இதையெல்லாம் அவளிடம் சொன்னோம். "அப்படியானால் அந்தப் பக்கம் காலியாகவா இருக்கும், தாத்தா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. காலித் தாளைப் பார்க்கிறவர்கள், வேலை முடியவில்லை என்றுதானே நினைப்பார்கள்?

விடை பெட்டியின் அடியில் இருந்தது. மாமாவின் பணத்தில் வாங்கிய நோட்டுப் புத்தகமோ என்னவோ, தாயார் தமது பதினாறாவது வயதில் மார்கழிக் கோலங்களை எழுதி வைத்த நோட்டு அது. 'விஷு வருஷம் மார்கழி' என்று தலைப்பு. விஷு வருஷம் என்பது 1941. நாள் ஒன்றுக்கு ஒரு பக்கமாக, ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் பத்து நாள் கோலங்கள் இருந்தன. பதினொன்றாவது பக்கத்தில் புள்ளிகள் மட்டும் இருந்தன. பதினைந்து புள்ளி வைத்து, எட்டில் முடியும் ஊடு புள்ளி. இழை இழுக்கப்படவில்லை. அதற்கப்புறம் நோட்டு முழுவதும் வெற்றுத் தாள்.

மார்கழி பதினொன்று என்றால் ஏறக்குறைய டிசம்பர் 26. ரங்கூன் செய்தி ஊருக்கு எட்டியிருக்கக்கூடிய நாள். தாயார் எழுதாமல் நிறுத்தியதற்கு அதுதான் காரணமோ, அல்லது அன்று ஜுரமோ, சோம்பலோ, நாம் எப்படிச் சொல்வது? தங்கை அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, "இதை எதிரில் வை. ஒன்றும் எழுதாதே" என்று மட்டும் சொன்னாள்.

நோட்டிலிருந்து தாளைக் கிழிக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே புள்ளிகளைப் பிரதி செய்வதென்று தீர்மானமாயிற்று. அரிசி மாவையே கரைத்து வைக்கலாம் என்றாள் பேத்தி. மாக்கோலம் எறும்புக்கு இடும் அன்னம் என்று நம் பெரியோர்கள் சொல்வது வாசற்படிக்குப் பொருந்தும். புத்தகத்துக்குள் அன்னதானம் கூடாது. அதனால் கறுப்புத் தாளில் வெள்ளை வர்ணத்தால், மெல்லிய குச்சியின் நுனிகொண்டு, எண்ணி எண்ணிப் புள்ளி வைத்தாள். மொத்தம் 169 புள்ளிகள். ஒரு மத்தியானம் பிடித்தது.

முதலில் அப்பிரகத் தகட்டின்மேலேயே வைத்துப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் செய்கிறவர்களிடம் இன்றும் அப்பிரகத் தகடு கிடைக்கிறது. பாலக்கரைக் கடை ஒன்றில் வாங்கி வந்திருந்தோம். வர்ணம் காய்ந்ததும் தகட்டை லேசாக வளைத்தாள். புள்ளிகள் உமிபோல் உதிர்ந்தன. காகிதம் வர்ணத்தைக் குடிக்கும், அப்பிரகம் குடிக்காது. நம் ஊர்ச் சித்திரக்காரர்களின் படங்களில் பல இன்று வர்ணம் உதிர்ந்து நிற்பதன் காரணம் நம் மேஜையின்மேலேயே விளங்கிற்று. ஆகவே, புள்ளிகள் தாளில் இருக்க, அப்பிரகத்தை அதன்மேல் கதவுபோல் மூடினோம். சுற்றிலும் காவிப் பட்டை தீட்டினாள். செம்மண்ணை வஸ்திரகாயம் செய்து, கருவேலம் பிசின் கரைத்த நீரில் குழைத்தது. ஸ்ரீரங்கத்து மதில்களில் நேயர்கள் பார்த்திருக்கும் அதே காவிதான்.

பக்கம் முடிந்த அன்று மாலை, தங்கை அந்தச் சிறு பையிலிருந்து கடிதத்தை எடுத்து, உரக்கப் படித்தாள். நமக்கு நினைவு தெரிந்து அந்த வீட்டில் மாமாவின் பெயர் வாய்விட்டு உச்சரிக்கப்பட்டது அன்றுதான். கடிதத்தின் ஓரத்தில், சிறு வயதில் அவர் தாயாருக்கு வைத்திருந்த செல்லப் பெயர் இருந்தது. எழுபது வருஷத்துக்கு மேலாக நாம் 'அம்மா' என்று மட்டும் அறிந்திருந்தவருக்கு அப்படி ஒரு பெயர் உண்டென்று அப்போதுதான் தெரிந்தது. பேத்தி உடனே பென்சிலை எடுத்து, இடது பக்கத்தின் ஓரத்தில் அதைக் குறித்துக் கொண்டாள்.

அப்பிரகத்தில் ஒரு குணம் உண்டு. விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்தால் அதனூடே புள்ளிகள் தெரியும். நேரே வைத்தால் பார்க்கிறவர் முகமே அதில் மங்கலாகத் தெரியும். இதை நாங்கள் யோசித்துச் செய்யவில்லை. தகட்டின் இயல்பு அப்படி.

கைபேசியில் ஆயிரம் படம் இருக்கும்போது இந்த மெனக்கேடு எதற்கு என்று சில நேயர்கள் கேட்கலாம். ஆயிரம் படத்தில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு பக்கம்தான் இடம் என்றால், எதை வைப்பது, எதை விடுவது, எது நமக்குத் தெரியும், எது தெரியாது என்று வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பேசியாக வேண்டும். எங்கள் வீட்டில் எண்பது வருஷமாக நடக்காத பேச்சு, பசைக் கிண்ணத்தைச் சுற்றி நடந்தது.

ஆகையால் தகரப் பெட்டி உள்ள நேயர்களுக்கு நமது விண்ணப்பம் இதுவே. விலையுயர்ந்த வர்ணங்கள் வேண்டியதில்லை. வீட்டில் வயதில் மூத்தவர் இருக்கும்போதே பெட்டியைத் திறவுங்கள். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதுங்கள். மூலத்தை வெட்டாதீர்கள். அறிந்ததை ஒரு பக்கத்தில் வையுங்கள். அறியாததற்கு எதிர்ப் பக்கத்தில் இடம் விடுங்கள்.

பெட்டியில் மாமாவின் கடிதங்கள் இன்னும் இருபத்திரண்டு இருக்கின்றன. பொங்கல் விடுமுறைக்குப் பேத்தி வருவதாக எழுதியிருக்கிறாள். அதற்குள் அவற்றில் வரும் பெயர்களையெல்லாம் ஜாபிதா எழுதி, எவரெவர் குடும்பம் இன்னும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தங்கை விசாரிக்க ஆரம்பித்திருக்கிறாள். இதுவரை மூன்று வீடு அகப்பட்டிருக்கிறது.